மூவகைப் போட்டியும் கரைநின்ற சுற்றமும்

(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமய சங்கத்தின் மேடையில் விளையாட்டைப் பற்றி ஓர் உரையா என்று முன்வரிசையிலிருக்கும் பெரியவர் சிலர் எண்ணுவது எமக்குத் தெரிகிறது. உடம்பைப் பேணுதலையும் ஒரு சாதனமாகக் கொண்ட திருமூலர் மரபு நம்முடையது. ஆகவே மன்னிப்புக் கேளாமலே தொடங்குகிறோம்.

இன்று பேச எடுத்துக்கொண்ட விளையாட்டை ஆங்கிலத்தில் ட்ரையத்லன் என்பர். நாம் அதனை மூவகைப் போட்டி என்று சொல்லிக்கொள்வோம். முதலில் நீச்சல், கரையேறியதும் துவிச்சக்கரவண்டி, வண்டியை விட்டிறங்கியதும் ஓட்டம். இடையில் உட்கார்ந்து இளைப்பாற வேளையில்லை. ஈரம் துடைப்பதும் சப்பாத்து மாட்டுவதுங்கூட ஓடுகின்ற நேரத்திலேயே சேரும். ஒலிம்பிக் போட்டியில் நீச்சல் 1500 மீற்றர், வண்டி 40 கிலோமீற்றர், ஓட்டம் 10 கிலோமீற்றர். புதிதாகத் தொடங்குவோர் இவற்றிற் பாதியையோ அதனினும் குறைவையோ செய்வர். தனித்தனியே பார்த்தால் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இம்மூன்றில் எதுவும் புதிதன்று. வல்வெட்டித்துறைப் பிள்ளைக்கு நீச்சல் கற்பிப்பார் யார்? துவிச்சக்கரவண்டியில்லாத வீடு யாழ்ப்பாணத்தில் எத்தனை உண்டு? சனசமூக நிலைய விளையாட்டு விழாக்களில் மரதன் ஓட்டத்திற்கு என்றும் ஆள் குறைவதில்லை. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதுதான் கடினம். வண்டியால் இறங்கி ஓடத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில் கால்கள் நமக்குரியன அல்ல, யாரிடமோ இரவல் வாங்கியவை போலிருக்கும்.

இப்போட்டி பிறந்த கதையைச் சொன்னால், இதைப் பெரும் பணக்காரரோ பெயர்பெற்ற வீரரோ தொடக்கவில்லை என்பது விளங்கும். 1974 செப்டெம்பர் 25ஆந் திகதி, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மிஷன் பே என்னும் கடற்கழியில், ஓட்டக் கழகமொன்றின் உறுப்பினரான ஜாக் ஜோன்ஸ்டனும் டொன் ஷனகனும் சேர்ந்து இதனை நடத்தினர். வந்தவர் 46 பேர். அது வேலைநாள், போட்டி மாலையில் நடந்தது. மெதுவாக நீந்துவோர் தண்ணீரில் இருக்கும்போதே இருட்டிவிட்டது. கரையில் நின்றவர்கள் மோட்டார் வண்டிகளைத் திருப்பி நிறுத்தி, முன்விளக்குகளை ஏற்றி வழிகாட்டினர். வென்றவரை மெச்சுவது எளிது. கடைசியாக வருபவனுக்கு விளக்கேற்றிக் காத்திருப்பது வேறு வகை அன்பு. இவ்விளையாட்டின் முதல் இரவிலேயே அந்த அன்பு இருந்தது.

அன்று பங்குபற்றியவர்களுள் ஜோன் கொலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் இருந்தனர். பின்னர் அவர்கள் ஹவாய்த் தீவுகளுக்கு மாற்றலாகிப் போயினர். அங்கு நீந்துபவர் வலியரா, வண்டி ஓட்டுபவர் வலியரா, ஓடுபவர் வலியரா என்று நண்பர்களிடையே வழக்கொன்று எழுந்தது. நம்மூரில் என்றால் தேநீர்க் கடையிலேயே முடிந்திருக்கும். கொலின்ஸ் அதனைக் கடலிற் கொண்டுபோய் விட்டார். ஓவாஹு தீவில் அதுகாறும் வெவ்வேறாக நடந்துவந்த மூன்று நெடுந்தூரப் போட்டிகளின் தூரங்களையும் இணைத்து, 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் வண்டி, அதன்மேல் முழு மரதன் என்று வகுத்தார். 1978 பெப்ரவரி 18ஆந் திகதி 15 பேர் இறங்கினர். 12 பேர் முடித்தனர். கோர்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். உலகறிந்த ‘அயன்மேன்’ போட்டியின் தொடக்கம் இதுவே.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அன்று தண்ணீர் கொடுக்கவோ உணவு கொடுக்கவோ ஏற்பாட்டாளர் எவரும் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் நண்பரையும் வீட்டாரையும் துணைக்கு அழைத்துவர வேண்டுமென்பதே நிபந்தனை. துணையில்லாதவர் போட்டியிலும் இல்லை. இரண்டாவதாக வந்த ஜோன் டன்பார் வழியில் முன்னணியில் இருந்தவர். அவருடைய தோழர்களிடம் கொண்டுவந்த தண்ணீர் முடிந்துபோகவே, இருந்த பியரை எடுத்துக் கொடுத்துவிட்டனர்! துணை நிற்பதற்கும் விவரம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

நமக்கு இது விளங்காத காட்சியன்று. காவடி எடுப்பவன் தோளிலுள்ள பாரத்தை வேறொருவர் வாங்கிச் சுமக்க முடியாது, நேர்த்தி அவனுடையது. ஆனால் தனியே காவடி எடுத்தவனை யாரேனும் கண்டதுண்டா? ஒருவர் செம்பில் தண்ணீரோடு வருவார். ஒருவர் முகம் துடைப்பார். அக்காவும் தங்கையும் பின்னே நடப்பர். வீதி முழுதும் அரோகரா ஒலிக்கும். கதிர்காமத்திற்கு நடந்துபோகும் அடியார்க்கு வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறோம். பாரம் ஒருவனுடையது, வீதி எல்லோருடையது என்ற இந்த முறையை நாம் தேரடியிலேயே கற்றிருக்கிறோம்.

எனினும் காலம் போகப்போக இவ்விளையாட்டில் ஒரு கட்டுப்பாடு வந்தது. தண்ணீரும் உணவும் ஏற்பாட்டாளர் வைக்கும் நிலையங்களில் மட்டுமே பெறலாம். வெளியார் கொடுத்தால் குற்றம். அன்பு எல்லை மீறினால் போட்டியின் நேர்மை கெடும் என்பதே காரணம். 1982 பெப்ரவரியில் ஹவாயில் ஜூலி மொஸ் என்னும் 23 வயது மாணவி பெண்களுள் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். முடிவுக் கோட்டுக்குச் சில முழங்களே இருக்கையிற் கால்கள் மடிந்து விழுந்தார். உதவ நீண்ட கைகளை ஏற்காமல் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். அதற்குள் கத்லீன் மக்கார்ட்னி அவரைக் கடந்துபோய், 29 செக்கனில் வென்றுவிட்டார். தொலைக்காட்சியில் அதைக் கண்டு, தாமும் இதிற் சேரவேண்டும் என்று எண்ணியவர் பலர்.

2016இல் மெக்சிக்கோவின் கொசுமேலில் நடந்தது இதற்கு மறுபக்கம். உலகப் பட்டத்தைத் தீர்மானிக்கும் போட்டி. இங்கிலாந்தின் ஜொனத்தன் பிரவுன்லி முன்னே ஓடிவந்து, முடிவை அண்மித்த நிலையில் வெப்பத்தால் மயங்கித் தள்ளாடினார். பின்னால் வந்த தமையன் அலிஸ்ரெயர், தான் வெல்லக்கூடிய வாய்ப்பை விட்டுத் தம்பியைத் தோளிற் சாய்த்து இழுத்துச் சென்று, கோட்டிற்கு அப்பால் முன்னே தள்ளிவிட்டார். தென்னாபிரிக்கரான ஹென்றி ஷூமன் இருவரையும் கடந்து வென்றார். தம்பி இரண்டாமவர், தமையன் மூன்றாமவர். உலகப் பட்டம் ஸ்பானியரான மரியோ மோலாவுக்குப் போயிற்று. அதன்பின், ஒருவரை ஒருவர் தாங்கி முன்னே கொண்டுசெல்லக் கூடாது என்று விதியை இறுக்கினர். விதி சரியே. ஆனால் அந்த நேரத்தில் தம்பியை விட்டுவிட்டுத் தமையன் ஓடியிருந்தால் நாம் அவரைப் பற்றி இங்கே பேசியிருக்க மாட்டோம்.

சென்ற ஆண்டு எங்களில் நால்வர் குறுந்தூரப் போட்டியொன்றிற் பங்குபற்றினோம். ஒருவர் ஆசிரியர், ஒருவர் வங்கியிற் பணிபுரிபவர், இருவர் உயர்தரம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்போர். புகழ்பெற்ற வீரர் எவருமில்லை. எங்கள் வண்டிகளில் இரண்டு, நாளாந்தம் சந்தைக்குப் போய்வரும் லுமாலா வண்டிகள். கூடையைக் கழற்றியதே நாங்கள் செய்த பெரிய மாற்றம். ஊரிலிருந்து இரண்டு வானில் இருபத்திரண்டு பேர், விடியப் புறப்பட்டு, புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தனர்.

எங்களில் ஒருவருடைய பெரியம்மா இளநீர்ப் போத்தலோடு வளைவொன்றில் நின்றார். பெறாமகன் வண்டியில் வரக் கண்டதும் போத்தலை நீட்டினார். நடுவர் ஓடிவந்து மறித்தார்.

“பெத்தவளும் நானும் பாத்துக்கொண்டு நிக்க, பிள்ளைக்கு ஒரு வாய் இளநீர் குடுக்கக் கூடாதோ? இதென்ன சட்டம் தம்பி?”

“அம்மா, நீங்கள் குடுத்தால் அவரைப் போட்டியால எடுத்துப்போடுவினம். கூப்பிடுங்கோ, எவ்வளவும் கூப்பிடலாம்.”

பெரியம்மா அன்று கூப்பிட்ட கூப்பாட்டை அவ்வீதியிலுள்ளோர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். இளநீரை அந்த நடுவரே குடித்தார் என்று கேள்வி.

ஓடுபவருக்கு அக்குரல் என்ன செய்கிறது என்று பலர் கேட்டனர். ஆயிரம் பேர் கைதட்டும்போது அது வெறும் இரைச்சல். அதற்குள்ளிருந்து வீட்டில் அழைக்கும் செல்லப்பெயர் ஒன்று கேட்டதும், குனிந்திருந்த தலை தானே நிமிர்கிறது. ஆனால் ஒரு முறைப்பாடும் உண்டு. மூன்று கிலோமீற்றர் இருக்கும்போது “கிட்ட வந்திட்டாய், கிட்ட வந்திட்டாய்” என்று கூவுவோர் செய்வது உதவியன்று. அதை நம்பி விரைந்து ஓடி, அடுத்த வளைவில் முடிவைக் காணாமல் மனமுடைந்தவர் எங்களில் இருவர். “இன்னும் ரெண்டு வளைவு, பிறகு கோயில்மதில்” என்று சரியாகச் சொன்னவர் எங்கள் சங்கத்து முதியவர் ஒருவரே. அவர் முதல்நாள் மாலையே வழியை நடந்து பார்த்திருந்தார். எங்களிற் கடைசியானவர் வந்து சேர்ந்தபோது கயிறுகளைச் சுருட்டத் தொடங்கிவிட்டனர். இருபத்திரண்டு பேரும் அங்கேயே நின்றனர். புட்டுப் பொதி அதுவரை அவிழ்க்கப்படவில்லை.

இனிச் சொல்லப்போவது பெரியோர்க்கும் தாய்மார்க்கும் முக்கியமானது. இதில் ஆபத்து உண்டு; மறைக்கப் போவதில்லை. 1985 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த மூவகைப் போட்டிகளை மருத்துவர்கள் ஆராய்ந்து, மரணங்களும் இதயம் நின்றுபோய் மீட்கப்பட்டவையுமாக 135 நிகழ்வுகளைக் கண்டனர். மூன்றில் இரண்டு பங்கு நீச்சலின்போது நேர்ந்தவை. பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது 47ஐ அண்மித்தது. பங்குபற்றியோர் தொகையை நோக்க இது சிறிதே. ஆனாலும் நாற்பதைக் கடந்தவர் மருத்துவரிடம் இதயத்தைக் காட்டாமல் இறங்கக் கூடாது என்பதையும், நீச்சற் பகுதிக்கே காவல் அதிகம் வேண்டும் என்பதையும் அது தெளிவாகக் காட்டுகிறது. நம் கடலின் வரலாறும் அதையே சொல்கிறது. 1954இல் நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், திரும்பியும் நீந்தி, 51 மணி நேரத்தில் முடித்தார். அத்தகைய வீரரே 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தக் கடலில் இறங்கியபோது உயிர் நீத்தார்.

ஆகவே கரையில் நிற்பவர் “விடாதே, விடாதே” என்று மட்டுமே கத்தப் பழகக் கூடாது. நீந்துபவர் களைத்தால் கையை உயர்த்தலாம்; காவற்றோணியைப் பிடித்து இளைப்பாறலாம்; தோணி அவரை முன்னே இழுத்துச் செல்லாதவரை அது குற்றமன்று. எங்கள் ஆசிரிய நண்பர் அவ்வாறே தோணியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கரையில் அவர் மனைவி, “ஆறுதலா வாங்கோ, ஒருத்தரும் துரத்தேல்லை” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அன்று கேட்ட குரல்களுள் மிகச் சிறந்தது அதுவென்பது எம் கருத்து.

வயதானவர்க்கு இது ஆகாது என்பாரும் உளர். ஜப்பானியரான ஹிரோமு இனடா 2018இல் தம் 85ஆம் வயதில் ஹவாய்ப் போட்டியின் முழுத் தூரத்தையும் 17 மணி நேர எல்லைக்குள் முடித்தார். மடோனா பியூடர் என்னும் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி 2012இல் தம் 82ஆம் வயதில் கனடாவில் அவ்வாறே முடித்தார். துறவிக்கு விளையாட்டு ஏன் என்று அவரிடம் கேட்டால் என்ன சொல்வாரோ! பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றபோது, முதலில் நடந்தது பெண்கள் போட்டியே. சுவிற்சர்லாந்துப் பெண் பிரிஜிற் மக்மஹோன் வென்றார். நம் தாய்மார் சிலர் உடையைப் பற்றியும் ஊர்ப்பேச்சைப் பற்றியும் தயங்குவதை அறிவோம். கையும் காலும் மூடிய நீச்சலுடை இன்று கிடைக்கிறது. ஊர்ப்பேச்சைப் பொறுத்தவரை, அதே ஊரைக் கரைக்கு அழைத்துவந்து நிறுத்தினால் பேச்சுக் குறையும் என்பது எம் அனுபவம்.

எமது வேண்டுகோளைச் சொல்லி அமர்கிறோம். வரும் சித்திரை விடுமுறையில் சங்கத்தின் சார்பில் சிறிய போட்டியொன்றை நடத்த எண்ணியுள்ளோம். அலையில்லாத நீரேரியில், மார்பளவு நீருக்கு மேற்படாமல், கரையை ஒட்டி 300 மீற்றர் நீச்சல். 10 கிலோமீற்றர் வண்டி. 3 கிலோமீற்றர் ஓட்டம். பரிசுப் பணம் இல்லை. மீனவ அன்பர்கள் நான்கு தோணிகளும், நன்றாக நீந்தத் தெரிந்த எட்டுப் பேரும் தந்துதவ வேண்டும். மருத்துவர் ஒருவரும் முதலுதவி கற்றோரும் தேவை. வளைவுகளில் நிற்க முப்பது பேர் வேண்டும். அவர்கள் முதல்நாள் மாலை எம்மோடு வழியை நடந்து பார்க்க வேண்டும். நீரேரிக்கரையில் விளக்குகள் இல்லை. பெற்றோமக்ஸ் வைத்திருப்போர் இரண்டைக் கொண்டுவந்தால் நல்லது. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரைக் காணலாம். பெரியம்மாவின் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.