பெருவழிக் கல் முதல் நீலப் பலகை வரை

தருமபுரிப் பக்கம் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு அது போதும். தெரியாத வண்டிக்காரருக்காக அதே கல்லில் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறியது ஒன்று. விரலால் தடவிப் பார்த்தாலே தொலைவு தெரிந்துவிடும். வழியோரம் ஒரு கல்லை நடுகிறவர், அந்த வழியில் யார் வருவார்கள் என்று யோசித்திருக்கிறார். திண்டுக்கல் வட்டாரத்து வழியோர நினைவுச் சின்னங்களைப் பற்றிய இவ்வுரைக்கு அந்தக் கல்லே அளவுகோல்.

சுமைதாங்கிக் கல்லும் அப்படிப்பட்டதுதான். நட்ட இரண்டு கற்களின் மேல் படுக்கவைத்த ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு நடப்பவர் இன்னொருவர் கைகொடுக்காமலே இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி தூக்கிக்கொள்ளத் தோதான உயரம். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இதை நிறுத்துவது தமிழ்நாட்டில் பல பகுதிகளில் இருந்த வழக்கம். அரசர் பெயரோ போரோ இல்லாத வரலாறு இது. சாலையை அகலப்படுத்த வரும் இயந்திரத்துக்கு முதலில் பலியாவதும் இதுவே.

இவற்றுக்கெல்லாம் மூத்தது நடுகல். பக்கத்துத் தேனி மாவட்டத்தின் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழ் பிராமி நடுகற்கள், தமிழகத்தில் கிடைத்தவற்றிலேயே மிகப் பழையவை. அவற்றில் ஒன்று, கூடலூர் ஆகோளில் (ஆநிரை கவரும் பூசலில்) மாண்ட அந்தவன் என்பவனின் பெயரைச் சொல்கிறது. ஆள் பெயர், ஊர், சம்பவம்: மூன்றும் சில சொற்களிலேயே.

இனி திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு வரலாம். 1605இல் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கியது, திருமலை நாயக்கர் வலுப்படுத்தியது. 1755இல் ஹைதர் அலி மைசூரின் பௌஜ்தாராக இங்கே வந்தார். அவர் ஏற்றம் இங்கிருந்துதான் தொடங்கியது. ஆங்கிலேயர் 1783இல் பிடித்தார்கள், 1784 மங்களூர் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தார்கள், 1790இல் மறுபடி பிடித்தார்கள், 1792இல் நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். இத்தனை கைமாறிய கோட்டை. ஆனால் இதைப் போல நாடெங்கும் உள்ள மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களின் வாசலில் நிற்கும் நீலப் பலகை எதைச் சொல்கிறது? 1958ஆம் ஆண்டுச் சட்டம், சேதப்படுத்தினால் சிறை, அபராதம், 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். எல்லாம் தேவையான செய்திகளே. ஆனால் கட்டியவரைவிடச் சேதப்படுத்தக்கூடியவருக்கே அந்தப் பலகையில் இடம் அதிகம்.

மலையாவது கண்ணில் படும். கீழே சமவெளியில் நடந்தவற்றுக்கு அந்த வசதி இல்லை. 1772இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், பழனிச் சாலையில் உள்ள விருப்பாட்சியில் பாளையக்காரர் கோபால் நாயக்கரின் ஆதரவில் தங்கினார். ஹைதர் அலியிடம் படையுதவி கேட்டதும் திண்டுக்கல்லை மையமாக வைத்துத்தான். 1780இல் சிவகங்கையை மீட்டார். சிவகங்கைச் சீமை அவரைக் கொண்டாடுகிறது, அஞ்சல் துறை 2008இல் தபால்தலை வெளியிட்டது. ஆனால் மீட்புக்கு முந்தைய அந்த எட்டாண்டுகள்தான் கதையின் கனமான பகுதி. அவை கழிந்தது இந்த மண்ணில்.

கோபால் நாயக்கரின் முடிவு இன்னும் கொடியது. மருது சகோதரர்கள், துந்தாஜி வாக் ஆகியோரோடு சேர்ந்து அவர் அமைத்த கூட்டணியின் வீரர்கள் 1800 ஜூன் 3 அன்று கோவையில் கம்பெனிப் படையைத் தாக்கித் தோற்றார்கள். பிடிபட்ட 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1801இல் கோபால் நாயக்கரையும் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். திண்டுக்கல் கோபாலசமுத்திரக் குளக்கரையில் என்பது ஊர் வழக்கு. இன்று அந்தக் குளக்கரைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் 108 விநாயகரைக் கும்பிட வருகிறவர்கள். விருப்பாட்சியில் அரசு மணிமண்டபம் கட்டியிருப்பது நல்லதுதான். ஆனால் மணிமண்டபத்துக்குப் போக ஒருவர் முடிவெடுக்க வேண்டும். வழியோரப் பலகைக்கு அது வேண்டாம். பஸ்ஸுக்கு நிற்கிறவரும் படித்துவிடுவார்.

ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கும் பேகம்பூர் கதையும் இதுதான். டவுன் பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறார்கள். அந்தப் பேகம் யார் என்று சொல்ல நாலு வரி போதும்.

வத்தலகுண்டைப் பார்த்தால் ஆற்றாமையே வருகிறது. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமய்யர் (1872), விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா (1884) இருவரும் அங்கே பிறந்தவர்கள்; ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பா அங்கே வளர்ந்தவர். இத்தனை சிறிய ஊருக்கு இது அதிகம். சிறையில் தொழுநோய் பிடித்து வெளியே வந்த சிவாவை, அந்த நோயையே காரணம் காட்டி ரயிலில் ஏறவிடவில்லை. அவர் ஊர் ஊராக நடந்தார். வழியோரக் கல்லுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் யார்?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1927இலேயே நெடுஞ்சாலையோரம் உலோகப் பலகைகளை நிறுத்தத் தொடங்கியது, காரில் போகிறவரும் படிக்கட்டும் என்று. லண்டனில் வீட்டுச் சுவர்ப் பலகைகள் 1867இலிருந்து உண்டு. திண்டுக்கல் வழியே காஷ்மீர்–கன்னியாகுமரி நெடுஞ்சாலை 44 போகிறது. அதில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குப் பலகை வைத்துப் பயனில்லை. வைக்க வேண்டிய இடம் டீக்கடை வாசல், பஸ் நிறுத்தம், குளக்கரை. 2014இல் மாநகராட்சியான திண்டுக்கல்லுக்கு இது பெரிய செலவில்லை. வாசகத்தில் ஆள், ஆண்டு, சம்பவம் இருக்கட்டும். ஊர் வழக்கு என்றால் ஊர் வழக்கு என்றே எழுதட்டும். திறந்து வைத்தவரின் பெயர் மட்டும் வேண்டாம். பள்ளிகளின் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள், சாலைப் பணி வருமுன் தங்கள் ஊரெல்லையில் நிற்கும் சுமைதாங்கிகளையும் பழைய மைல் கற்களையும் படம் எடுத்து, இடம் குறித்து, மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்பலாம். இந்த வேலையை அடுத்த கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம்.