தென்னம்பிள்ளைக்குத் தாயும் தகப்பனும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் நோ என்று பேச விடுவதுதான் வழக்கம். சங்கத்தார் இம்முறை அந்தத் தண்டனையிலிருந்து உங்களை விடுவித்து, எங்கள் பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். நாங்கள் என்றால் ஒரே வகுப்பில் படித்து, இன்றும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கும் நான்கு பேர். கடமை முடிந்த பின்னேரங்களிலும் ஞாயிறு காலைகளிலும் எங்கள் வளவுகளில் ஒரு தென்னையின் மகரந்தத்தை இன்னொரு தென்னைக்கு இட்டுக் கலப்புக் கன்று உண்டாக்குகிறோம். வீட்டுக்காரர் இதைத் தென்னைக்குக் கலியாணம் பேசுவது என்று பகிடி பண்ணுவார்கள். பகிடியில் உண்மையும் உண்டு. பூர்வீகம் விசாரிப்பதில்தான் எங்களுக்குப் பெரும்பகுதி நேரம் போகிறது.

மாமரத்துக்கு இந்தப் பாடு இல்லை. நல்ல கறுத்தக்கொழும்பான் ஒன்று அயல் வளவில் நின்றால் அதன் கிளையை வாங்கி ஒட்டுக் கட்டலாம். அதே மாம்பழம் எங்கள் வீட்டிலும் காய்க்கும். தென்னை, பனை, கமுகு எல்லாம் ஒருவித்திலை மரங்கள். ஒட்டுப் பிடிப்பதற்கு வேண்டிய மாறிழையம் அவற்றின் தண்டில் இல்லை. வெட்டி நடக் கிளையும் இல்லை. பேரீச்சையாவது அடியில் பக்கக்கன்று விடும். எங்கள் தென்னைக்கும் பனைக்கும் அதுவும் கிடையாது. நல்ல மரமொன்றின் குணத்தை வளவில் வைத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க விதையைத் தவிர வேறு வழியில்லை. அந்த விதைக்குத் தாய் எது என்று அண்ணாந்து பார்த்தால் தெரியும். தகப்பன் எது என்பது காற்றுக்கும் தேனீக்கும்தான் தெரியும்.

செவ்வரத்தம்பூவை நெடுக்காகக் கீறி, படம் வரைந்து, பகுதிகளைக் குறித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். தென்னம்பூவை அப்படி யாரும் காட்டியதில்லை; அதை வகுப்புக்குக் கொண்டுவர ஆள் மரத்தில் ஏறவேண்டுமே! ஒரு பாளைக்குள் ஆண்பூக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கிளைகளின் அடிப்பக்கத்தில் உருண்டையாக இருக்கும் பெண்பூக்கள் சில பத்துத்தான். உயர்ந்த தென்னையில் ஆண்பூக்கள் முதலில் மலர்ந்து கொட்டி முடிந்த பிறகே பெண்பூக்கள் பக்குவப்படும். ஆகவே அதற்கு மகரந்தம் பெரும்பாலும் அயல் மரத்திலிருந்து வரவேண்டும். குட்டைத் தென்னையில் இரண்டு காலமும் ஒன்றின்மேல் ஒன்று படியும்; தன் பாளையின் மகரந்தத்தையே அது ஏற்றுக்கொள்ளும். இதனால்தான் குட்டை மரத்தின் கன்று பெரும்பாலும் தாயைப் போலவே வருகிறது. உயர்ந்த மரத்தின் கன்று எப்படி வரும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

இந்த இரண்டையும் கலந்தால் என்ன நடக்கும் என்பதை 1932இல் கேரளத்தின் நீலேசுவரத்தில் பட்டேல் என்ற ஆய்வாளர் செய்து பார்த்தார். பிள்ளைகள் குட்டையைப் போலச் சீக்கிரம் பாளை தள்ளின. உயர்ந்ததைப் போலப் பெரிய தேங்காயும் கொடுத்தன. கலப்பு வீரியம் என்று உயர்தர வகுப்பில் படித்தோமே, அதுதான். எங்கள் நாட்டில் 1929இல் தொடங்கி லுணுவிலவில் இயங்கும் தெங்கு ஆராய்ச்சி நிலையம் இந்த வழியில் பச்சைக் குட்டையையும் உயர்ந்த தென்னையையும் கலந்து சீ.ஆர்.ஐ.சீ. 65 என்ற இனத்தை வெளியிட்டது. பலருடைய வளவுகளில் அது நிற்கிறது.

அப்படியானால் கன்றை வாங்கி நட்டுவிட்டுப் போகலாமே, நீங்கள் ஏன் ஏணியில் ஏறுகிறீர்கள் என்று கேட்பீர்கள். வாங்கி நடவேண்டும் என்றுதான் நாங்களும் எல்லோருக்கும் சொல்கிறோம். ஆனால் வாங்குகிற கன்றின் தகப்பன் எங்கள் ஊர் மரமல்ல. எங்கள் கிணற்றடிகளிலும் வேலியோரங்களிலும் நிற்கும் உயர்ந்த தென்னைகள் பல எழுபது எண்பது வயதைக் கண்டவை. சுண்ணக்கல் மண்ணிலும், உவர் ஏறிய தண்ணீரிலும், பல மாதம் மழை காணாத வெயிலிலும் காய்த்தவை. ஷெல் துண்டு பாய்ந்த ஓட்டையோடு நிற்பவையும் அவற்றில் உண்டு. தென்னந்தண்டில் காயம் மூடாது. மாறிழையம் இல்லாத மரத்தில் பட்ட தழும்பு பட்டபடியே கடைசிவரை இருக்கும். குருத்துத் தப்பினால் மரம் தப்பும், அவ்வளவுதான். ஊரார் இடம்பெயர்ந்து போனபின் ஒருவரும் தண்ணீர் ஊற்றாமலே உயிர்பிடித்து நின்ற அந்த மரங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. காணி விற்கிறார்கள், வீடு கட்டுகிறார்கள், காரின் மேல் தேங்காய் விழும் என்கிறார்கள். நூறு பேருக்குச் சமைக்கத் தேங்காய் கொடுத்த மரத்தை விழுத்த ஒரு வாளுக்கு அரை மணித்தியாலம் போதும்.

இனி வேலையைச் சொல்கிறோம். தாயாக மஞ்சள் குட்டையை வைத்திருக்கிறோம். அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, ஏணியில் நின்றே பாளையைத் தொடலாம். நாற்பது கடந்த எங்களுக்கு அது பெரிய சலுகை. மற்றதைப் பிறகு சொல்கிறோம்.

பாளை விரிந்தவுடன் ஆண்பூக்கள் முழுவதையும் சிறு கத்தரியால் வெட்டி எடுக்கிறோம். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் பஞ்சுத் துண்டுகளை எண்ணுவது போல ஒருவர் வெட்ட, மற்றவர் கீழிருந்து பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். முசுறு கடிக்கும், அதைப் பற்றி அதிகம் பேசாமல் விடுவோம். பிறகு நெருக்கமாக நெய்த துணிப்பையால் பாளையை மூடிக் கட்டுகிறோம்.

தகப்பன் மரத்துக்குத் தென்னை ஏறுகிற ஆள் வேண்டும். புதிதாக விரிந்த பாளையிலிருந்து வெடிக்கப்போகும் ஆண்பூக்களைக் கொண்டுவந்து, மெல்ல நசித்து, தாளில் பரப்பி, மின்குமிழின் இளஞ்சூட்டில் ஓரிரவு காயவைத்து அரித்தால் மஞ்சள் தூள் கிடைக்கும். அதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு சிறு போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். அங்கே மீன் குழம்புக்குப் பக்கத்தில் தகப்பனின் பெயரும் திகதியும் எழுதிய போத்தல் இருப்பதற்கு எங்கள் வீட்டார் பழகிவிட்டார்கள்.

பெண்பூ பக்குவமானால் அதன் நுனியில் மூன்றாகப் பிரிந்த குறியில் தேன் துளிர்க்கும். ஒரு பூவுக்கு அந்தப் பருவம் இரண்டு மூன்று நாள் மட்டுமே. எல்லாப் பூவும் ஒரே நாளில் பக்குவப்படுவதுமில்லை. ஆகவே கிழமை முழுவதும் காலையில் பையைத் திறந்து, மகரந்தத்தை வாசனையில்லாத ரல்க் மாவில் கலந்து தூவி, உடனே மூடவேண்டும். குறி கறுத்து வாடியபின் பையைக் கழற்றி, பாளைக்குத் தகட்டில் இலக்கம் கட்டுகிறோம். பாதிக்கு மேற்பட்ட குரும்பட்டிகள் விழுந்துவிடும், அது இயல்பு. நிற்பவை முற்ற ஏறத்தாழ ஒரு வருடம். பிறகு நாற்றுமேடையில் சில மாதம். ஒரு பிள்ளையைக் கையில் காண ஒன்றரை வருடம் செல்கிறது. மகப்பேற்று விடுதியில் வேலை செய்பவர்களுக்கே இது பொறுமைச் சோதனைதான்.

இரண்டாவது காரணத்தைச் சொல்கிறோம் என்றோமே, அது இங்கேதான். மஞ்சள் குட்டையின் சொந்தப் பிள்ளைக்கு முளையும் இலைக்காம்பும் மஞ்சளாக இருக்கும். தகப்பன் பச்சை அல்லது கபில நிறக் காய் காய்க்கும் உயர்ந்த மரமானால், கலப்புப் பிள்ளையின் காம்பு பச்சையாகவோ கபிலமாகவோ வரும். ஆட்சியான இயல்பு, பின்னிடைவான இயல்பு என்று மெண்டலின் பட்டாணியில் படித்தது முழுவதும் அந்த ஒரு சாண் முளையில் தெரிகிறது. கள்ளப் பிறப்பை அங்கேயே பிடிக்கலாம், பரிசோதனைக்கூடம் தேவையில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தன் பெற்றோரின் காணியை விற்றாள். குசினிக்குப் பின்னால் நின்ற தென்னை அம்மாவின் மரம். தடித்த பருப்பு, இடைவிடாத காய். வாங்கியவர் துப்புரவாக்கத் தொடங்க ஒன்பது நாள் இருக்கையில் அவள் தொலைபேசியில் கேட்டாள்: "அதிலே ஒரு தேங்காயாவது எடுத்து நடுவீங்களோடி?" முற்றிய தேங்காயாகப் பன்னிரண்டு எடுத்தோம். அவற்றின் தகப்பன் யாரென்று தெரியாது. அதனால் அன்றே விரிந்திருந்த பாளையிலிருந்து மகரந்தமும் எடுத்தோம். அந்த மரம் இப்போது இல்லை. அது தகப்பனாக நின்ற கலப்பில் ஏழு பிள்ளைகள் பச்சைக் காம்போடு நிற்கின்றன. படம் அனுப்பியபோது அவள் பதில் எழுதவில்லை. அடுத்த நாள் எடுத்துப் பேசினாள், முக்கால் மணித்தியாலம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். கலப்பு மரம் நன்றாகக் காய்க்கிறது என்று அதன் தேங்காயையே திரும்ப நடாதீர்கள். பேரப்பிள்ளைகளில் குணங்கள் பிரிந்து, ஒன்று குட்டையாக, ஒன்று நெட்டையாக, ஒன்று மலடு போல வரும். அது சாப்பாட்டுக்கான தேங்காய். மீண்டும் கலப்பு வேண்டுமானால் தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கவேண்டும். எல்லோரும் கலப்பை மட்டும் நட்டு, பழைய மரங்களை விறகாக்கினால் நாளை எதைக் கலப்பது?

ஒரே கலப்பை நம்பியிருப்பதற்கும் எங்களுக்கு விருப்பமில்லை. யமேக்காவில் மஞ்சளாகி மடியும் நோய் அந்நாட்டின் உயர்ந்த தென்னைகளை இலட்சக்கணக்கில் அழித்தது. மலாயக் குட்டையையும் பனாமா உயர்ந்த தென்னையையும் கலந்து மேபன் என்ற இனத்தை உண்டாக்கி நாடெங்கும் நட்டார்கள். சில பத்தாண்டுகள் காப்பாற்றியது. பிறகு அதுவும் அதே நோயில் விழுந்தது. நோய்க்குக் காரணம் கலச்சுவர் இல்லாத ஒருவகைப் பற்றீரியா. புளோரிடாவில் தண்டுக்குள் ரெற்றாசைக்கிளின் வகை மருந்தை ஊசியாக ஏற்றுகிறார்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுவதும். நோய் அடங்கியிருக்கும், தீராது. எங்களிடம் வரும் நாட்பட்ட நோயாளரின் கதைதான். எங்கள் நாட்டிலும் இதே வகைக் கிருமியால் வரும் இலைவாடல் நோய் வெலிகமப் பக்கத்தில் கண்டறியப்பட்டு, அங்கிருந்து தென்னை, கமுகு போன்ற மரங்களின் கன்றுகளை வெளியே கொண்டுசெல்லத் தடை போடப்பட்டது. ஆகவே வெளிநாட்டிலிருந்து வருகிற சகோதரிகளே, நல்ல சாதி என்று ஒரு தேங்காயையோ கன்றையோ பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவராதீர்கள். சொக்கிலேற் கொண்டுவாருங்கள்.

குளிர்நாட்டில் இருப்பவர்கள் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று நினைக்கவேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த பூட்டியா என்ற பனையினம் ஓரளவு பனிக்கும் தாங்கும். அதன் ஆண்பூக்களை எங்களைப் போலவே வெட்டியெடுத்து, இராணிப்பனை என்று சொல்லப்படும் மரத்தின் மகரந்தத்தை இட்டால் வேகமாக வளரும் அழகான கலப்பு மரம் வருகிறது. 1890களில் தென் பிரான்சில் நபோனான் என்ற தோட்டக்காரரின் பெயரால் அறியப்பட்ட கலப்பு இது. இப்போது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வீட்டுத்தோட்டக்காரர் பலர் ஏணி வைத்து இதைச் செய்கிறார்கள். முளைக்கும் விதை இதற்கு மிக அரிது; அதனால் கோவேறு கழுதையின் பெயரையே இந்தப் பனைக்கும் வைத்திருக்கிறார்கள். தோட்டங்களில் நிற்கும் கன்றுகள் பெரும்பாலும் யாரோ ஒருவர் கையால் மகரந்தம் இட்டதால் பிறந்தவை.

பனையைப் பற்றிக் கேட்பீர்கள். பனையில் ஆண் வேறு, பெண் வேறு. எது எது என்று தெரியப் பன்னிரண்டு பதினைந்து வருடமாவது காத்திருக்கவேண்டும். எங்கள் வளவில் வடலிகள் நிற்கின்றன. ஓய்வூதியம் எடுக்கும் காலத்தில் வந்து கேளுங்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஊரில் காணி உள்ளவர்கள், விற்குமுன்னோ வெட்டுமுன்னோ, வளவில் எந்த மரம் நல்ல மரம் என்று அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ கேட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். எத்தனை மாதம் காய்க்கும், பருப்புத் தடிப்பா, வறட்சியில் குரும்பட்டி கொட்டுமா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு பாளை விரியும் வரை, ஒரு மாதமளவில், வாளை நிறுத்திவைத்தால் போதும்.

மண்டப வாசலில் பதினான்கு பிள்ளைகள் வைத்திருக்கிறோம். எல்லாம் பச்சைக் காம்பு. ஒவ்வொன்றிலும் தாய், தகப்பன், ஊர் எழுதிய தகடு உண்டு. விலையில்லை. எடுத்துப் போகிறவர்கள் எங்கே நடுகிறீர்கள் என்று கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். மூன்றடிக் கிடங்கு வெட்டி, அடியில் பொச்சுமட்டை அடுக்கி, இந்த மாரிக்குள் நட்டுவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஆடு மாடு எட்டாமல் வேலி போடுங்கள்.