ஒலிவாங்கியின் உயிர்



சென்ற விழாவில் சிறுமியொருத்தி தேவாரம் ஓதுகையில், கம்பியில்லா ஒலிவாங்கி பாதியிலே ஊமையானதை அன்புவழிபுரத்தார் மறந்திரார். பழி கருவிமீது விழுந்தது, குற்றமோ நம்முடையது. முன்னைய விழா முடிந்ததும் பற்றரிகளைக் கழற்றாமலே தகரப் பெட்டியில் இட்டு மறந்தோம்.

நிக்கல் உலோக ஐதரைட்டுப் பற்றரி சும்மா இருந்தாலும் மின்னை மெல்ல இழக்கும். வெப்பம் அவ்விழப்பை விரைவாக்கும். 2005இல் சான்யோ நிறுவனம் வெளியிட்ட எனலூப் வகை, ஓராண்டு சென்றும் பெரும்பகுதியைக் காக்கும். ஆயினும் அதற்கும் கவனிப்பு வேண்டும்.

ஆகவே, விழாவுக்கு முதல்நாளே மின்னேற்றுவோம். ஒரு கருவிக்குரிய இரண்டையும் இலக்கமிட்டுச் சோடி பிரியாது வைப்போம். பழையதோடு புதியதைக் கலவோம். விழா முடிந்ததும் கழற்றி, திருகோணமலையின் உப்புக்காற்றுப் படாமல், மூடிய பிளாஸ்டிக் பெட்டியில், வெயில் எட்டாத இடத்தில் வைப்போம். சாவி, நாணயங்களோடு சேர்த்தால் முனைகள் தொடுபட்டுச் சூடேறும். லிதியம் அயன் வகையை ஏறத்தாழப் பாதி மின்னுடன் வைப்பதே நலம். ஒருமுறை மட்டும் பயன்படும் பற்றரியை மின்னேற்றியில் இடவே கூடாது.

கோயில் விளக்குக்கு நாள்தோறும் எண்ணெய் பார்க்கும் கைகள் நம்மிடம் உண்டு. அக்கைகளே 3 மாதத்துக்கொருமுறை இவற்றையும் பார்த்து மின்னேற்றினால், அடுத்த விழாவில் அச்சிறுமியின் குரல் கடைசி வரிசைப் பாட்டிக்கும் கேட்கும்.