வாங்கிற இடத்தைக் காணேல்லை

(இணையவழிச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழியைப் பெரிதாக மாற்றவில்லை.)



எங்கட புத்தகக்கடை இணையத்தளத்தைக் கட்டினது நான் எண்டு கனபேருக்குத் தெரியும். அது எப்பிடி நடக்குது எண்டு சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டவை. அது ஆருக்கு நடக்கேல்லை எண்டதிலயிருந்து தொடங்கிறன்.

போன விண்டரில ஸ்காபரோவிலயிருந்து ஒரு அண்ணை போன் எடுத்தார். யுத்தத்தில இரண்டு கண்ணும் போனவர். வலது கையில இரண்டு விரல்தான் மிச்சம். "தம்பி, உங்கட கடையில ஒரு புத்தகம் வாங்குவம் எண்டு முக்கால் மணித்தியாலமா நிக்கிறன். கடை இருக்கு, புத்தகம் இருக்கு. வாங்கிற இடத்தைத்தான் காணேல்லை" எண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டை போய்ப் பக்கத்தில இருந்தன். அவர் பாவிக்கிறது என்விடிஏ எண்ட திரைவாசிப்பான். 2006 இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருத்தர் தொடங்கியது. இலவசம், திறந்த மூலநிரல். மௌஸ் இல்லை. டாப் விசையைத் தட்டித் தட்டிப் போவார், குரல் ஒவ்வொன்றாகச் சொல்லும். மெனு சொன்னது, தேடல் சொன்னது. நான் பெருமையோட சிவப்பில கீறின "கூடைக்குள் போடு" வந்த இடத்தில ஒண்டும் சொல்லாமல் பக்கத்தின் அடிக்குப் பாய்ஞ்சிட்டுது. கண்ணுக்கு அது பொத்தான். உலாவிக்கு அது வெறும் பெட்டி. ஏனெண்டால் நான் பொத்தானுக்குரிய குறியை எழுதேல்லை. ஒரு பெட்டியைப் பொத்தான் மாதிரி அலங்கரிச்சு வைச்சிருந்தன்.

அதைவிட வெட்கம் பிறகுதான். பழைய புத்தகங்களின் அறிமுகத்தைப் பாமினியில் அடிச்ச கோப்புகளிலிருந்து அப்பிடியே ஒட்டியிருந்தம். இளம் ஆக்களுக்குச் சொல்லுறன்: பாமினி எண்டது யூனிகோட் பரவமுதல் எங்கட பத்திரிகைகள் பாவிச்ச எழுத்துரு. கண்ணுக்குத் தமிழ், உள்ளுக்குள்ள ஆங்கில எழுத்து. 'தமிழ்' எண்ட சொல் திரைவாசிப்பானுக்கு ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அண்ணை சிரிச்சுப்போட்டு, "இது ஆர் தம்பி எழுதினது?" எண்டு கேட்டார். யூனிகோடில இருந்த பக்கங்களும் தப்பேல்லை. பக்கத்தின் மொழி ஆங்கிலம் எண்டு நிரலில் கிடந்ததால ஆங்கிலக் குரல் தமிழை விழுங்கிப்போட்டுது. மலிவு விற்பனை அறிவித்தல் முழுக்க ஒரே படம். அவருக்குக் கேட்டது "படம்" மட்டும்தான். எங்கட பலசரக்குக் கடைகள் விலைப்பட்டியலைப் படமாகப் போடுறது இதே கதைதான்.

பிறகு ஒரு தோழர் சொன்னார், ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளத்தைத் தானாகவே சரியாக்கிற மென்பொருள் விக்கினம் எண்டு. ஓவர்லே எண்டு பேர். அப்பிடி விக்கிற அக்சசிபி நிறுவனம் பொய்யான வாக்குறுதி குடுத்தது எண்டு அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டி, 10 இலட்சம் டொலர் கட்டவைக்கும் உத்தரவை 2025 ஜனவரியில் அறிவிச்சது. வெடிச்ச சுவருக்குத் திரைச்சீலை போடுற வேலை அது.

எங்கட சுவர் ஏன் வெடிச்சது? ஒவ்வொரு புத்தகப் பக்கத்தையும் நான் நகலெடுத்து நகலெடுத்துச் செய்தனான். விலை, அட்டை, அறிமுகம், பொத்தான், நிறம் எல்லாம் ஒண்டோடொண்டு ஒட்டிக் கிடந்தது. ஒரு பொத்தானைத் திருத்த எல்லாப் பக்கத்தையும் திறக்கவேணும். ஆர் செய்வினம்? ஒருத்தரும் செய்யமாட்டினம்.

ஆகையால் பிரிச்சம். புத்தகத்தின் பேர், ஆசிரியர், விலை, மொழி, அட்டையில என்ன இருக்கு எண்ட விவரணம், இவை ஒரு களஞ்சியத்தில். தோற்றம் வேறாக, அதுக்கு மேல. நடுவில சின்னச் சின்ன உறுப்புகள்: ஒரே ஒரு பொத்தான், ஒரே ஒரு படிவம். அந்தப் பொத்தானை ஒருக்காத் திருத்தினால் கடை முழுக்கத் திருந்தும். மொழியைக் களஞ்சியம் சொல்லுறதால தமிழ்ப் பகுதிக்குத் தமிழ்க் குரல் வருது. பார்வை குறைஞ்ச அம்மாமார் 400 வீதத்துக்குப் பெருப்பிச்சாலும் எழுத்து ஒரு நிரலாக மடியும், பக்கவாட்டில இழுக்கத் தேவையில்லை. போனில ஓடர் எடுக்கிற தோழரும் அதே களஞ்சியத்தைப் பார்த்துத்தான் விலை சொல்லுறார்.

இது மந்திரமில்லை. பிரிச்சுக் கட்டின முதல் வடிவத்தில் புதுச் சிக்கல் வந்தது. பக்கம் முழுசா மாறாமல் உள்ளுக்குள்ள மட்டும் மாறினதால, கூடைக்குள் போட்டாலும் குரல் பேசாமல் இருந்தது. அண்ணை நாலுதரம் அமத்தி நாலு பிரதி வாங்கிட்டார்! "ஒரு பிரதி கூடையில்" எண்டு குரலுக்கு அறிவிக்கப் பிறகுதான் எழுதினம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் எண்டு நினைக்காதேங்கோ. ஐரோப்பிய அணுகுதன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 தொடக்கம் இணையக்கடைகளுக்கும் பொருந்துது. ஆனால் 10 பேருக்குக் குறைவாக வேலைசெய்யிற, வருட வரும்படி 20 இலட்சம் யூரோவைத் தாண்டாத சேவை நிறுவனங்களுக்கு விலக்கு. ஒன்ராறியோவில் தனியார் இணையத்தளங்களுக்கான விதி 50 பேரோ அதுக்கு மேலயோ வேலைசெய்யிற இடங்களுக்குத்தான். லா சப்பல் கடையும், மார்க்கம் வீதிக் கடையும், நாங்களும் அனேகமா வெளியில. பெரிய கொம்பனியைத் திட்டுறது எங்களுக்குச் சுகம். இந்த இடத்தில எங்களைக் கேக்க ஆரும் இல்லை.

இன்னும் முடியேல்லை. காசு கட்டுற பக்கம் வேறொரு நிறுவனத்தின்ர. அங்க வாற படப் புதிர் அண்ணையைத் தடுக்குது, இப்பவும் போனில்தான் கட்டுறார். வேற சேவைக்கு மாறினால் கழிவு கூடவாகும். அது கணக்குப் பார்க்கிற தோழர்களோட கதைக்கவேண்டிய விசயம்.

மற்றது, அண்ணை போனமுறை சொன்னது: "மூண்டு மாசமா உங்கட கடையைச் சோதிச்சுத் தாறன். நிரல் எழுதின பிள்ளைக்குக் காசு குடுத்தனீங்கள்தானே?" குடுத்தனாங்கள். எனக்கு மணித்தியாலக் கணக்கில் குடுத்தனீங்கள். அவருக்கும் அதே கூலியைக் கடை நிதியிலிருந்து, ஏற்கெனவே செய்த மூண்டு மாசத்துக்கும் சேர்த்து, குடுக்கவேணும் எண்டு மாத முடிவுக் கூட்டத்துக்குத் தீர்மானம் அனுப்பியிருக்கிறன். வாக்குப் போட வாங்கோ. வரமுதல் மௌஸைக் கழட்டிவைச்சிட்டு, எங்கட கடையில ஒரு புத்தகம் வாங்கிப் பாருங்கோ.