மீண்டவனுக்கு ஒரு துறை



களத்தில் பட்டவனுக்கு நம் புறத்திணையில் குறையொன்றும் இல்லை. நடுகல் உண்டு, கையறுநிலை உண்டு. வினைமுற்றி மீள்பவனுக்கு முல்லை உண்டு. தேர் வாயிலில் வந்து நிற்கும், தலைவி முகம் மலர்வாள், அத்தோடு பாட்டு முடிந்துவிடும். அதன்பின் அவன் முதுமையெய்தும்வரை களத்தை எங்கே வைத்திருந்தான் என்பதற்குத் துறை வகுக்கப்படவில்லை. தொடித்தலை விழுத்தண்டினார் இருக்கிறாரே என்பீர்கள். அம்முதியவர் நினைந்து இரங்குவது மடுவில் பாய்ந்த இளமையை, களத்தை அன்று.

இவ்வெண்ணத்தோடு நான் எடுத்துக்கொண்டவர் ஓர் ஆங்கிலேயர். முதல் உலகப்போரின் வீரர் ஹாரி பேட்ச். 1898இல் சாமர்செட்டில், பாத் நகரையடுத்த கூம் டவுனில் பிறந்து குழாய் வேலை பழகியவர். விரும்பிப் படைக்குச் சென்றவரல்லர். 1916இல் கட்டாய ஆள்சேர்ப்பு அவரை இழுத்துச் சென்றது. பெல்ஜியத்தின் பேஷண்டேல் சேற்றில், ஐவர் இயக்கும் லூயிஸ் துப்பாக்கிக் குழுவில் ஒருவரானார். தம் உயிருக்கே இடையூறு வந்தாலன்றி எவரையும் கொல்வதில்லை, காலைக் குறிவைத்தே சுடுவது என்று அவ்வைவரும் தமக்குள் உறுதி செய்துகொண்டிருந்தனர். 1917 செப்டம்பர் 22 இரவில் வெடித்த குண்டொன்று அவர்களுள் மூவரை அழித்தது. பேட்ச் காயத்தோடு தப்பினார்.

ஊர் திரும்பியவர் குழாய் வேலைக்கே போனார். ஏடா என்னும் நங்கையை மணந்தார், மக்கள் இருவர். இரண்டாம் உலகப்போரில் பாத் நகரில் குண்டுகள் விழுந்தபோது தீயணைப்புப் பணியில் நின்றார். 1976இல் மனைவி மறையும்வரை, அரை நூற்றாண்டு கடந்த இல்லறத்தில், போரைப்பற்றி அவரிடம் பேசியதே இல்லை. இதுவும் ஓர் இல்லறமா என்று கேட்கலாம். அப்பேசாமையை அன்பின்மை என்று கொள்ள என் மனம் இடந்தரவில்லை. சேற்றை வீட்டுக்குள் மிதித்து வராத கவனம் அது.

1998இல், நூறு வயதில், தொலைக்காட்சிப் படத்துக்காக வந்து கேட்டபோதுதான் வாய் திறந்தார். முதியோர் இல்லத்தில் அவருடைய அறைக்கு எதிரே துணிகள் அடுக்கும் சிற்றறை ஒன்று இருந்தது. இரவில் பணியாளர் அங்கே விளக்கைப் போட்டதும் கண்ணாடி வழியே பாய்ந்த வெளிச்சம் அவருக்குக் குண்டு வெடிக்கும் ஒளியாகத் தோன்றியதாம். எண்பது ஆண்டு கடந்து வந்த ஒளி! 2004இல் எதிர்ப்படையில் நின்ற சார்ல்ஸ் கூன்ட்ஸைச் சந்தித்தார். அவர் தம் ஊர்ப் பிஸ்கட்டுகளைத் தந்தார். இவர் சாமர்செட் ஆப்பிள் மதுவைத் தந்தார்.

அரசவைக் கவிஞர் ஆண்ட்ரூ மோஷன் 2008இல் பேட்சின் வாழ்வை ஐந்து பகுதிகளாகப் பாடினார். கவிஞர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: பட்டவனைப் பாடுவது எளிது, மறுத்துச் சொல்ல அவன் எழுந்து வரமாட்டான். அந்தக் களத்தில் நின்ற 109 வயது முதியவர் உயிரோடு இருக்கையில் அவரைப் பாட முனைந்தால், மிகையான ஒரு சொல்லும் நிற்காது.

2009 ஜூலை 25இல், 111ஆம் வயதில் அவர் மறைந்தார். அகழிகளில் போரிட்டோருள் இறுதியாக எஞ்சியிருந்தவர் அவரே. வெல்ஸ் பேராலயத்தில் நடந்த இறுதி வழிபாட்டில் அவருடைய பெட்டியோடு பெல்ஜிய, பிரெஞ்சு, ஜெர்மன் வீரர்களும் நடந்தனர். அவர் விருப்பப்படி அங்கே படைக்கலம் எதுவும் இல்லை. சடங்குக்குரிய வாள்கூட இல்லை.