சுவர் நெருங்கினா சூடு எப்படிப் போகும்?

ஒரு பெட்டி நிறைய தண்ணி. அடித்தட்டு சூடு, மேல்தட்டு குளிர்ச்சி. சூடான தண்ணி லேசாகி மேல ஏறும், குளிர்ந்தது கீழ இறங்கும். இதுதான் வெப்பச்சலனம். 1916-இல் ராலே பிரபு இதுக்குக் கணக்குப் போட்டார். அவர் கணக்குல பக்கவாட்டுச் சுவரே கிடையாது!

இப்போ எதிரெதிரா இருக்கிற ரெண்டு சுவர்களை நெருக்குங்க. உராய்வு கூடும், ஓட்டம் மெதுவாகும். அப்போ மேல போற சூடும் குறையணும்தானே? 2013-இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகக் குழு பார்த்தது நேர்மாறு. ஓட்டம் குறைஞ்சுது, தட்டின் அதே அளவு பரப்புக்கு, கடந்துபோன வெப்பம் கூடிடுச்சு.

காரணம், அடியிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி கிளம்புற சூடான இழைகள். அகலமான பெட்டியில அவை வழியிலேயே கலைஞ்சு சூட்டை இழக்கும். குறுகலான பெட்டியில ஒண்ணுசேர்ந்து, சூடு ஆறாம மேல்தட்டைத் தொடும். அதுக்காக ரொம்ப நெருக்கிடாதீங்க, உராய்வு ஜெயிச்சிடும். சரியான இடைவெளி எதுங்கிறது திரவத்தையும் வெப்பநிலை வித்தியாசத்தையும் பொறுத்து மாறும்.