கூரை மேல் சூரிய மின்சாரம்: வரவும் செலவும்

சூரிய ஒளிக்கு விலை இல்லை. ஆனால் அதை மின்சாரமாக மாற்றும் தகடுகளுக்கு விலை உண்டு. அவ்விலையை முதலிலேயே கொடுத்தாக வேண்டும். பயனோ சுமார் இருபத்தைந்து ஆண்டுகளில் சிறுகச் சிறுக வந்து சேருகிறது. ஆகவே நிலம், வங்கி வைப்பு ஆகியவற்றை எடைபோடும் அதே தராசில்தான் குடும்பத் தலைவர் இதனையும் எடைபோட வேண்டும்.

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம், 75,021 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம் என அது வகுத்தது. உச்சவரம்பு 78,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் இச்சாதனங்களின் மீதான சரக்கு, சேவை வரியும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. திட்டத்தின் பெயரில் 'இலவச மின்சாரம்' என்ற சொல் இருப்பினும், எஞ்சிய தொகை குடும்பத்தின் சொந்தப் பணமே.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று கிலோவாட் சாதனம் 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மானியம் போகக் குடும்பத்தின் செலவு 1,02,000 ரூபாய். மாதம் சராசரியாக 300 யூனிட் கிடைத்தால் ஆண்டுக்கு 3,600 யூனிட். மிச்சமாகும் யூனிட்டின் விலை 7 ரூபாயானால் ஆண்டு ஆதாயம் 25,200 ரூபாய். நான்கு ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும். அதே யூனிட் 3 ரூபாயானால் ஆதாயம் 10,800 ரூபாய்தான். அப்பணத்தை 7 சதவீத வட்டிக்கு இட்டிருந்தால் ஆண்டுக்கு 7,140 ரூபாய் வந்திருக்கும். முதலும் அப்படியே இருந்திருக்கும். தகடுகளின் திறன் ஆண்டுதோறும் சிறிது தேய்வதையும், பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் இன்வெர்ட்டரை மாற்ற நேர்வதையும் சேர்த்தால் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. வட்டிக்கு வருமான வரி உண்டு, மிச்சப்பட்ட மின்கட்டணத்துக்கு வரி இல்லை என்பதை வரி செலுத்துவோர் மறக்கலாகாது.

ஆக, முதலீட்டின் தரத்தை நிர்ணயிப்பது வெயிலைவிட மின்கட்டணப் பட்டியலே எனலாம். நம் மாநிலங்கள் பலவற்றில் பயன்பாடு உயர உயர யூனிட் விலையும் படிப்படியாக உயருகிறது. கூரையில் விளையும் மின்சாரம் முதலில் பட்டியலின் உச்சிப் படியை வெட்டுகிறது. பிறகே மலிவான படிகளுக்கு இறங்குகிறது. முதல் கிலோவாட் தரும் ஆதாயத்தை மூன்றாவது தருவதில்லை. அதற்கான மானியமும் குறைவு. எனவே கூரையில் இடம் இருக்கிறது என்பதற்காகப் பெரிய சாதனம் வாங்குவது விவேகமன்று. குறைந்த பயன்பாட்டுக்கு மாநில அரசு மின்சாரத்தை இலவசமாகவே வழங்கும் வீடுகளில் இம்முதலீட்டுக்கு வேலையே இல்லை.

இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. உச்சிப் படியில் கட்டணம் செலுத்துவோர் தரும் கூடுதல் தொகையைக் கொண்டே மின்விநியோக நிறுவனங்கள் ஏழைகளின் கட்டணத்தை ஓரளவு தாங்குகின்றன. கூரைக்குச் செல்வோர் இவர்களே. வாடகை வீட்டாரும் அடுக்குமாடிவாசிகளும் பெரும்பாலும் கூரையற்றவர்கள். அதனால்தான் நிகர அளவீட்டு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பகலில் மின்தொகுப்புக்குத் தரும் யூனிட்டை இரவில் பெறும் யூனிட்டுடன் நேருக்கு நேர் கழிக்கிறார்களா, குறைந்த விலையில் வரவு வைக்கிறார்களா என்பதைப் பொறுத்து மேற்சொன்ன கணக்கே தலைகீழாகலாம்.

மின்தடை நேரத்திலும் வீடு ஒளிரும் என்று நம்பி வாங்குவோர் பலர். மின்தொகுப்புடன் இணைந்த, பேட்டரி இல்லாத சாதாரணச் சாதனம், கம்பத்தில் பணிபுரியும் ஊழியரின் பாதுகாப்பை முன்னிட்டு, தடை ஏற்பட்டவுடன் தானும் நின்றுவிடும். பேட்டரி சேர்த்தால் செலவு வேறு.

விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் படியில் எத்தனை யூனிட் செலவாகிறது என்று குறிப்பது நலம். கூரையில் கிலோவாட் ஒன்றுக்குச் சுமார் நூறு சதுர அடி நிழலற்ற இடம் தேவை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தாலும், தொடராக இணைக்கப்பட்ட மற்றத் தகடுகளின் உற்பத்தியும் குறையக்கூடும். தெற்கே பக்கத்து மனை காலியாகக் கிடக்குமாயின், நாளை அங்கு எழக்கூடிய மாடியின் நிழலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.